சந்தோஷத்திற்கு அளவுகோல் உண்டா?

"சௌக்கியமா?" என்று ஒருவர் கேட்பதும், "ஏதோ இருக்கிறேன்" என்று மற்றவர் பதில் சொல்வதும் நம்மவர் வழக்கம். அந்த 'ஏதோ' என்னும் சொல்லுக்குள் எத்தனை ஏக்கம் மறைந்திருக்கிறது! மனிதன் சந்தோஷமாயிருப்பது எதனால் என்பதைப் பல துறை அறிஞர்களும் ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய விடைகளைச் சற்று ஒருங்கே வைத்துப் பார்ப்போம்.

முதலில் தத்துவ ஞானியைக் கேட்போம். நற்பண்புகளோடு ஆயுள் முழுவதும் செயலாற்றி வாழ்வதே இன்பம் என்றார் கிரேக்க தேசத்து அரிஸ்டாட்டில். அதற்கு ஓரளவு பொருளும், நல்ல நண்பர்களும் தேவை என்பதையும் அவர் ஒப்புக்கொண்டார்.

அடுத்தவர் பொருளாதார நிபுணர். ஒரே தேசத்தில் ஏழையைவிடப் பணக்காரன் அதிகச் சந்தோஷத்துடன் இருப்பதாகச் சொல்லுகிறான். ஆனால் இரண்டாம் உலக யுத்தத்திற்குப் பின் அமெரிக்காவில் வருமானம் பெருகியும், ஜனங்களின் சந்தோஷம் அதற்கேற்ப உயரவில்லை என்று 1974-ல் ரிச்சர்ட் ஈஸ்டர்லின் எடுத்துக்காட்டினார். காரணம் என்ன? அண்டை வீட்டாரைப் பார்த்தல்லவா நாம் நம் நிலையை அளக்கிறோம்! இம்முடிவை மறுப்பவர்களும் உண்டு. எனினும் வறுமை இன்பம் தரும் என்று எவரும் வாதிக்கவில்லை.

மனோதத்துவ நிபுணர்களின் விடை இன்னும் விசித்திரமானது. லாட்டரிச் சீட்டில் பெருந்தொகை பெற்ற 22 அமெரிக்கர்களைப் பற்றிய ஆராய்ச்சி ஒன்று 1978-ல் வெளியாயிற்று. பரிசு பெறாதவர்களைவிட அவர்கள் குறிப்பிடத்தக்க அளவு மகிழ்ச்சி அடைந்திருக்கவில்லை. அதுமட்டுமா? நண்பருடன் பேசுவது, ஹாஸ்யம் கேட்டுச் சிரிப்பது, பத்திரிகை வாசிப்பது போன்ற அன்றாடச் சிறு இன்பங்கள் அவர்களுக்குச் சுவை குன்றிப் போயிருந்தன! பத்திரிகை நேயர்கள் இதைக் கவனிப்பார்களாக.

கடைசியாக வைத்தியர்கள். ஹார்வர்டு சர்வகலாசாலை மாணவர் 268 பேரின் வாழ்க்கையை 1938 முதல் அவர்கள் தொடர்ந்து கவனித்து வந்தார்கள். பாஸ்டன் நகரத்து ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 456 பேரும் பின்னர் இவர்களுடன் சேர்க்கப்பட்டார்கள். ஐம்பது வயதில் அன்பு நிறைந்த உறவுகளைப் பெற்றிருந்தவர்களே எண்பதிலும் பெரும்பாலும் ஆரோக்கியமாயிருந்தார்கள் என்று தெரிய வந்தது.

நான்கு வாசல்கள் வழியாக நுழைந்தும், கடைசியில் மனிதர்கள் கூடியிருக்கும் ஒரே முற்றத்திற்குத்தான் வந்து சேருகிறோம். ஆனால் நமது வீடுகளில் நடப்பதென்ன? "எத்தனை மார்க்கு?" என்று பிள்ளையைக் கேட்கிறோம், "உன் சிநேகிதர்கள் யார்?" என்று கேட்பதில்லை. பக்கத்துப் பையனை உதாரணம் காட்டியே பொறாமையையும் ஊட்டி வளர்க்கிறோம்.

சின்னஞ்சிறு பூடான் தேசம், ஜனங்களின் இன்பத்திற்கு உகந்த நிலைமைகளை வளர்ப்பது ராஜ்யத்தின் முயற்சியாக இருக்கவேண்டுமென்று 2008-ல் தன் அரசியல் சட்டத்திலேயே எழுதிக்கொண்டது. பாரத தேசத்தின் செல்வம் பெருகத்தான் வேண்டும். அச்செல்வத்தைப் பகிர்ந்து மகிழும் நெஞ்சையும் நம் குழந்தைகளுக்கு அளித்தாலன்றி, நாளை அவர்களும் "ஏதோ இருக்கிறோம்" என்றுதான் சொல்வார்கள்.