மழையங்கி பேணல்

நீலகிரி மாவட்டத்தின் தலைநகராகிய உதகமண்டலம் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. அந்நகரின் ஒரு பகுதியே காந்தல். ஆனி, ஆடித் திங்கள்களில் தென்மேற்குப் பருவக்காற்றும், ஐப்பசியில் வடகிழக்குப் பருவக்காற்றும் இங்கு மழை பொழிவிக்கும். உதகைக்கு அண்மையிலுள்ள அவலாஞ்சியில் 2019 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. இத்தகைய மலைநாட்டில் மழையங்கி வெறும் அணி அன்று. உடலைக் காக்கும் கவசமாகும்.

காந்தலில் விடியற்காலையில் வீடுதோறும் பால் கொணரும் மாணவன் ஒருவனை யான் அறிவேன். ஒருநாள் அவன் மழையங்கி அணிந்திருந்தும் நனைந்து நடுங்கி நின்றான். “ஐயா, இவ்வங்கி பழையதாகி ஒழுகுகின்றது. புதியது வாங்க வீட்டில் பணமில்லை,” என்றான். யான் அதனை வாங்கிப் பார்த்தேன். துணி எங்கும் கிழியவில்லை. ஆனால் கழுத்துப் பட்டையில் எண்ணெய்ப் பிசுக்கும், தோளிலும் கையிலும் சேறும் படிந்திருந்தன. சிறிது நீரைத் தெளித்தேன். தோளில் விழுந்த நீர் உடனே ஊறிப் பரவிற்று. பையின் மூடிக்கு அடியில், அழுக்குப் படாத இடத்தில் விழுந்த நீரோ முத்துமுத்தாய்த் திரண்டு உருண்டோடிற்று. “தம்பி, உன் அங்கிக்கு வந்தது முதுமை அன்று, அழுக்கு,” என்றேன்.

இதன் காரணத்தைத் தாமரை இலை நமக்குக் கற்பிக்கும். அவ்விலையின் மேல் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய மேடுகளும் மெழுகுப் பூச்சும் உள. அவற்றால் நீர் இலையில் ஒட்டாது உருள்கின்றது. மழையங்கியின் வெளிப்புறத்திலும் நீரை ஒட்டவிடாத பூச்சு ஒன்று உண்டு. அதன்மேல் சேறும் வியர்வைப் பிசுக்கும் படிந்தால் நீர் ஊறும். அப்போது உடலிலிருந்து எழும் வியர்வையாவி வெளியேற வழியின்றி, உட்புறத்தில் குளிர்ந்து நீராகும். அதனையே நாம் மழை ஒழுகுவதாக எண்ணி மயங்குகின்றோம். ஈரம் உடற்சூட்டைக் கவர்வதால் நடுக்கமும் உண்டாகின்றது.

முன்னாளில் நம்மவர் கம்பளியையோ சாக்கையோ மடித்துத் தலைமேல் கொங்காணியாக இட்டுக்கொண்டனர். 1823 ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து நாட்டவராகிய சார்லஸ் மாக்கின்டாஷ், இரு துணிகளுக்கிடையே ரப்பரைப் பூசி ஒட்டும் முறைக்கு உரிமம் பெற்றார். அவ்வங்கி நீரைத் தடுத்தது, வியர்வையாவியையும் தடுத்தது. 1969 ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய ராபர்ட் கோர் நுண்துளைகள் நிறைந்த மென்படலம் ஒன்றைக் கண்டறிந்தார். மழைத்துளி அதனுள் நுழையாது. ஆவி மட்டும் வெளியேறும். இன்று இவ்விருவகை அங்கிகளும் வழங்குகின்றன.

இனி, அங்கியைத் துவைக்கும் முறையைக் காண்போம். முதற்கண், அங்கியின் உட்புறத்தில் தைத்துள்ள குறிப்புச் சீட்டைப் படித்தல் வேண்டும். ரப்பர் அங்கியையும் பிளாஸ்டிக் அங்கியையும் குளிர்ந்த நீரில் நனைத்த துணியால் துடைத்தலே போதும். அவற்றைத் தேய்ப்புப் பெட்டியால் தேய்த்தல் ஆகாது. ரப்பருக்கு எண்ணெயும் மண்ணெண்ணெயும் பகையாகும். துணியாலாகிய அங்கியை, பைகளைச் சோதித்துப் பற்பட்டைகளை மூடியபின், வெதுவெதுப்பான நீரில் சிறிதளவு மென்மையான சோப்பு நீர்மம் கலந்து கையால் கசக்க வேண்டும். கல்லில் அடித்தலும், முறுக்கிப் பிழிதலும், வெளுப்புத்தூள் இடுதலும் கூடா. பிறகு இரண்டு மூன்று முறை நல்ல நீரில் அலசுதல் இன்றியமையாதது. ஏனெனில், சோப்பின் இயல்பு நீரை ஈர்ப்பது. அது துணியில் தங்கினால் அழுக்கு செய்த தீங்கையே தானும் செய்யும்.

அலசிய அங்கியைக் காற்றோட்டமுள்ள நிழலில் தொங்கவிடுதல் நன்று. பனிநாள்களில் ஈரம் எளிதில் உலராது. அதனால் சிலர் கணப்பின் அருகே உலர்த்துவர். கடுஞ்சூட்டில் பூச்சு உருகிப் போகும். அன்றியும், மூடிய அறையில் கரிநெருப்பு வைத்தால் நச்சுக்காற்று பரவி உயிருக்கே இறுதி நேரும். ஈரத்தோடு மடித்து வைத்த அங்கியில் பூஞ்சணம் பிடிக்கும். உட்பூச்சும் நாளடைவில் பிசுபிசுத்து உரிந்துவிடும். குறிப்புச் சீட்டு இசைந்தால், உலர்ந்த அங்கியின் மேல் மெல்லிய துணி விரித்து இளஞ்சூட்டில் தேய்க்கலாம். அவ்விளஞ்சூடு சோர்ந்த பூச்சை மீண்டும் எழுப்பும். அதன் பின்னும் நீர் திரளாவிடில், கடைகளில் கிடைக்கும் நீர்க்காப்புப் பூச்சைப் புதிதாக இடுதல் வேண்டும்.

அம்மாணவன் இவ்வாறே செய்தான். அடுத்த கிழமை கொட்டும் மழையில் வந்தவன், வாயிலில் நின்று அங்கியை ஒருமுறை உதறினான். நீர் முழுவதும் தெறித்து வீழ்ந்தது. உள்ளே அவன் சட்டை உலர்ந்திருந்தது. “புதியது வேண்டா, ஐயா,” என்று நகைத்தான்.

மாணவர்களே! நம்மைக் காக்கும் பொருளை நாமும் காத்தல் கடமையன்றோ? பழுதென்று எறியுமுன் அழுக்கோ எனப் பார்ப்போமாக.