தனுக்கிகள் தோற்ற குன்று

திரையில் வளர்ந்த காடு – 6

வால்ட் டிஸ்னியின் ‘பாம்பி’ (1942) படத்தில் தாய் மானைச் சுடும் மனிதன் ஒரு காட்சியிலும் தலைகாட்டுவதில்லை. துப்பாக்கிச் சத்தம் கேட்கும், அவ்வளவுதான். முகமில்லாதவனை வெறுப்பது பார்வையாளருக்கு எளிது. அமெரிக்க வேட்டைக்காரர்கள் மட்டும் அது தங்களைத்தான் குறிக்கிறது என்று கொதித்துப்போய்ப் படத்தைக் கண்டித்தார்கள்.

ஜப்பானின் ஸ்டுடியோ ஜிப்லி 1994இல் வெளியிட்ட ‘போம் போகோ’வில் இந்த வசதி கிடையாது. காட்டை அழிப்பவர்கள் யார், எதற்காக அழிக்கிறார்கள் என்பது முதல் சில நிமிடங்களிலேயே தெரிந்துவிடுகிறது. அவர்களுக்குக் குடியிருக்க வீடு வேண்டும்.

இசாவோ தகஹதா இயக்கிய இந்தப் படத்தின் நாயகர்கள் தனுக்கிகள். நாய்க் குடும்பத்தைச் சேர்ந்த, பார்வைக்கு ரக்கூன் போன்ற சிறு விலங்குகள். ஜப்பானியக் கிராமக் கதைகளில் இவை நினைத்த உருவம் எடுக்கும். ஒரு பழங்கதையில் தேநீர்க் கெட்டிலாகக்கூட மாறியிருக்கின்றன. பெருத்த விதைப்பையும் அந்தக் கதைகளின் வழிவந்த அடையாளம்தான். தகஹதா அதை மறைக்கவில்லை. பாராசூட்டாகவே விரித்துப் பறக்க விட்டார். ஆங்கிலக் குரல் பதிப்பில் அதை ‘பை’ என்று சொல்லி மழுப்பிவிட்டார்கள்.

கதை நடக்கும் இடம் கற்பனையல்ல. டோக்கியோவுக்கு மேற்கே தமா குன்றுகள். போருக்குப் பின் பொருளாதாரம் பாய்ச்சலில் ஏற, ஊர் ஊராக இளைஞர்கள் வேலை தேடித் தலைநகருக்கு வந்து குவிந்தார்கள். வீடுகள் போதவில்லை. 1965இல் தமா புதுநகரத் திட்டம் உறுதியானது. ஏறத்தாழ 3,000 ஹெக்டேர் பரப்பில் குன்றுகளின் உச்சியைச் சீவி, அந்த மண்ணாலேயே பள்ளத்தாக்குகளைத் தூர்த்து, அடுக்குமாடிக் குடியிருப்புகளை எழுப்பினார்கள். 1971இல் முதல் குடும்பங்கள் சாமான்களோடு வந்து இறங்கின. அவர்களில் யாரையும் வில்லன் என்று சொல்ல முடியாது.

படத்தின் தனுக்கிகளும் உத்தமர்கள் இல்லை. சோம்பேறிகள், சாப்பாட்டுப் பிரியர்கள், கூட்டம் போட்டால் சண்டையில் முடிப்பவர்கள். அவர்களின் தாக்குதலில் கட்டுமானத் தொழிலாளர்கள் சாகிறார்கள். அந்தச் சாவைக் கொண்டாடவும் செய்கிறார்கள். மனிதர்களை அடியோடு விரட்டிவிடலாம் என்று பேச்சு எழும்போது ஒரு சந்தேகம் வருகிறது: அப்புறம் டெம்புரா பொரித்துத் தருவது யார்? சரி, கொஞ்சம் பேரை விட்டுவைப்போம் என்று முடிவாகிறது. சிரிக்க வைக்கிற இந்தக் காட்சியில்தான் படத்தின் மொத்தச் சிக்கலும் இருக்கிறது. காட்டுக்காகப் போராடுகிறவனுக்கும் நகரத்தின் ருசி நாக்கில் ஒட்டிவிட்டது.

மனிதர்களை மிரட்டி விரட்டும் பெருமுயற்சியாக, ஷிகோகு தீவிலிருந்து வரவழைத்த மூத்த தனுக்கிகளின் தலைமையில் பூதங்களின் ஊர்வலம் ஒன்று குடியிருப்புத் தெருக்களில் புறப்படுகிறது. (கூட்டத்தில் ஜிப்லியின் முந்தைய படப் பாத்திரங்களான டோட்டோரோவும் கிகியும் எட்டிப்பார்ப்பார்கள், கவனிக்கத் தவறியவர்கள் திரும்பப் போட்டுப் பார்க்கலாம்.) அந்த உழைப்பில் ஒரு கிழத் தனுக்கி உயிரையே விடுகிறது. மக்களோ பயப்படவில்லை, ரசிக்கிறார்கள். மறுநாள் ஒரு கேளிக்கைப் பூங்காவின் முதலாளி அது தன் விளம்பர ஊர்வலம் என்று அறிவித்துவிடுகிறார். சுற்றுச்சூழல் எச்சரிக்கை எப்படி விற்பனைச் சரக்காகிறது என்பதற்கு இதைவிடக் கச்சிதமான நையாண்டி அனிமேஷனில் அபூர்வம். 2012இல் வெளியான ‘தி லோரக்ஸ்’ படத்தில் மரங்களுக்காக வாதாடும் அதே பாத்திரம், அதே ஆண்டில் மாஸ்டாவின் கார் விளம்பரத்திலும் தோன்றியது. தகஹதா பதினெட்டு ஆண்டு முந்திக்கொண்டார்.

தோற்ற தனுக்கிகளில் உருமாறத் தெரிந்தவை மனிதர்களாகி, டை கட்டி, நெரிசல் ரயிலில் வேலைக்குப் போகின்றன. களைப்புக்கு ஊக்கபானம் குடிக்கின்றன. தெரியாதவை மிஞ்சிய புல்வெளிகளில் ஒண்டிக்கொள்கின்றன. அவற்றில் ஒன்று நேராகப் பார்வையாளரிடம் திரும்பிக் கேட்கிறது: வளர்ச்சியால் விலங்குகள் மறைந்துவிட்டன என்று தொலைக்காட்சியில் சொல்கிறீர்களே, நாங்களாவது உருமாறுவோம், முயல் எப்படி மறையும்?

அடுத்த ஆண்டே ஜிப்லி அதே தமா வட்டாரத்தில் ‘விஸ்பர் ஆஃப் தி ஹார்ட்’ எடுத்தது. யோஷிஃபுமி கோண்டோ இயக்கம். மேட்டு வீடுகள், படிக்கட்டுச் சந்துகள், விளக்குகள் மின்னும் நகரம் எல்லாம் அதில் கொள்ளை அழகு. பள்ளிச் சிறுமி ஷிசுகு, ‘கன்ட்ரி ரோட்ஸ்’ மெட்டில் கான்கிரீட் சாலையைப் பற்றிக் கிண்டலாக ஒரு பாட்டுக் கட்டுகிறாள். தனுக்கிகளின் காட்டைப் போட்டு மூடிய மண்ணில் வளர்ந்த தலைமுறைக்கு அதுதான் சொந்த ஊர். இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்ப்பவருக்கு யார் பக்கம் நிற்பது என்று குழம்பும். குழம்பட்டும்.

ஹயாவோ மியாசாகியின் ‘பிரின்சஸ் மோனோனோகே’ (1997) இந்தக் குழப்பத்தை இன்னும் கூர்மையாக்குகிறது. இரும்பு மணலை உருக்கக் கரி வேண்டும், கரிக்கு மரம் வேண்டும். எபோஷி சீமாட்டி காட்டை வெட்டுகிறாள். அவள் உலையில் துருத்தி மிதிப்பவர்கள் விலைமாதர் விடுதிகளிலிருந்து அவள் மீட்டுவந்த பெண்கள். ஊரே ஒதுக்கிய தொழுநோயாளிகளின் புண்களைக் கழுவிக் கட்டியவளும் அவள்தான். தொழுநோயாளிகளை ஒதுக்கிவைக்கும் சட்டம் ஜப்பானில் 1996 வரை அமலில் இருந்தது என்பதை நினைத்தால், அந்தக் காட்சியின் கனம் புரியும்.

தமா போன வழியில் போகாமல் தப்பிய குன்றும் ஒன்று உண்டு, ஓரளவுக்கு. டோக்கியோவுக்கும் சைத்தாமாவுக்கும் நடுவே உள்ள சயாமா குன்றுகள். ‘மை நெய்பர் டோட்டோரோ’ (1988) படத்தின் நிலப்பரப்புக்கு ஆதாரம். அங்கே வீட்டுமனைகள் நெருங்கி வர, 1990இல் உள்ளூர்க்காரர்கள் நிதி திரட்டத் தொடங்கினார்கள். பக்கத்து தொகோரொசாவாவில் வசிக்கும் மியாசாகி, டோட்டோரோவின் பெயரையும் படத்தையும் பயன்படுத்த அனுமதி தந்தார். 1991இல் முதல் துண்டுக் காடு வாங்கப்பட்டது. இன்று அப்படி ஐம்பதுக்கும் மேற்பட்ட துண்டுகள் இருக்கின்றன.

வாங்கி வேலி போட்டால் வேலை தீரவில்லை. அது மனிதன் தொடாத வனம் அல்ல. விறகுக்கும் இலைதழை உரத்துக்குமாகக் கிராமத்தார் தலைமுறைகளாக வெட்டி வெட்டித் துளிர்க்க வைத்த தோப்புக்காடு. எரிவாயுவும் ரசாயன உரமும் வந்தபின் வெட்ட ஆளில்லை. புதர் மூங்கில் மண்டி, வெயில் தரை தொடாமல் போகிறது. அதனால் டோட்டோரோவின் காட்டைக் காப்பாற்றத் தன்னார்வலர்கள் அரிவாளோடும் ரம்பத்தோடும் உள்ளே போகிறார்கள்.

(தொடரும்)