தொலைபேசியில் நாடி பார்க்கலாமா?

2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. அதே தேதியில் மத்திய அரசு தொலைமருத்துவ நெறிமுறைகளை வெளியிட்டது. போனில் மருந்து சொல்வது சட்டப்படி சரியா, தவறா என்று அதுவரை குழம்பிக்கொண்டிருந்த என்னைப் போன்ற டாக்டர்களுக்கு அது பெரிய நிம்மதி.

டெல்லியில் எனக்கு வந்த அழைப்புகளில் பல நம் தமிழ்க் குடும்பங்களிலிருந்துதான். "அப்பாவுக்கு ஹிந்தி வராது டாக்டர், நீங்களே தமிழில் கேளுங்கள்" என்பார்கள். இதில் சிரமமில்லை. "அம்மா கும்பகோணத்தில் இருக்கிறார். இருமல் வருகிறதாம், கொஞ்சம் மூச்சு வாங்குகிறதாம். மாத்திரை சொல்லுங்கள்" என்பார்கள். இங்கேதான் சிக்கல். அந்த 'ஆம்' என்ற இரண்டு எழுத்தை நம்பி ஒரு டாக்டர் மருந்து எழுதலாமா?

கூடாது. நோயாளி அருகில் இல்லாமல் உறவினர் மட்டும் பேசுவது சிறுவர்களுக்கும், மறதி நோய் போன்றவற்றால் தாமே பேச இயலாதவர்களுக்கும், முறையான அனுமதி பெற்றவர்களுக்கும்தான் பொருந்தும். உறவினரே அழைத்தால் நோயாளியின் சம்மதத்தை டாக்டர் வெளிப்படையாகக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். ஆகவே, "அம்மாவையும் லைனில் சேருங்கள்" என்பேன். இந்தியாவில் பதிவு பெற்ற டாக்டர் நாட்டின் எந்த மூலையில் உள்ளவருக்கும் ஆலோசனை தரலாம் என்பதால், டெல்லியிலிருந்து கும்பகோணத்துக்குப் பேசத் தடையில்லை.

ஒரு தாயார், "எனக்கு… ஒண்ணுமில்லை… டாக்டர்" என்றார். அந்த மூன்று சொற்களுக்கிடையே இரண்டு முறை மூச்சு வாங்கியது. உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொன்னேன். மகன் எவ்வளவு அக்கறையோடு சொன்னாலும் அந்த மூச்சை அவரால் சொல்லியிருக்க முடியாது.

மருந்துக்கும் வரம்பு உண்டு. பாரசிட்டமால், ஓ.ஆர்.எஸ். போன்றவற்றைப் போனிலேயே சொல்லலாம். சில மருந்துகளை முதல் முறை எழுத வீடியோவில் பார்த்தாக வேண்டும். இன்னும் சிலவற்றை, நேரில் பார்த்த அதே நோய்க்குத் தொடர் சிகிச்சையாக மட்டுமே எழுதலாம். போதைப்பொருள் சட்டத்தில் வரும் மருந்துகளை எழுதவே கூடாது. "டாக்டர் கறார் பேர்வழி" என்று கோபித்துக்கொள்ளாதீர்கள்! நெஞ்சுவலி போன்ற அவசரங்களுக்குப் போன் வைத்தியம் உதவாது. முதலுதவி சொல்லி, ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதே எங்கள் கடமை.

வாசகர்களும் சிலவற்றைச் செய்யலாம். டாக்டரின் பெயரையும் பதிவு எண்ணையும் கேளுங்கள். மருந்துச் சீட்டில் அந்த எண் இருக்க வேண்டும். ஊரிலுள்ள பெற்றோரின் கடைசி மருந்துச் சீட்டைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு ஓடிவரக்கூடிய பக்கத்து வீட்டுக்காரரின் எண்ணையும் வாங்கி வையுங்கள். 2020 ஏப்ரலில் பொதுமக்களுக்காகத் தொடங்கப்பட்ட அரசின் இ-சஞ்சீவனி ஓ.பி.டி. சேவையில் ஆலோசனை இலவசம். அதைப் பயன்படுத்தப் பெற்றோருக்கும் சொல்லிக்கொடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அவர்கள் உடம்பைப் பற்றி அவர்களையே பேச விடுங்கள்.