உபாத்தியாயருக்கும் ஒரு விடுமுறை

பள்ளிக்கூடத்தின் கடைசி மணி அடித்தாயிற்று. பிள்ளைகள் புத்தகப் பையை வீட்டு மூலையில் வீசிவிட்டுக் கிரிக்கெட் மட்டையும் கையுமாக வெயிலில் ஓடிவிட்டார்கள். அவர்களுக்குப் பின்னால், சாக்பீஸ் தூள் படிந்த கையை உதறிக்கொண்டு, மெல்ல நடந்து வருகிறாரே ஒருவர், அவரை நாம் அநேகமாகக் கவனிப்பதில்லை. கவனிக்கிறவர்களும் ஒரே வார்த்தைதான் சொல்கிறார்கள்: "உங்களுக்கென்ன சார், கொடுத்து வைத்தவர்! சும்மா உட்கார்ந்துகொண்டே சம்பளம் வாங்கலாம்!"

உபாத்தியாயர் சிரித்து மழுப்பிவிடுகிறார். வேறு என்னதான் செய்வார்? வீட்டுக்குப் போனாலோ, கைபேசியில் இன்னொரு குரல் காத்திருக்கிறது. "கோடையை வீணாக்காதீர்கள், புதிய போதனா முறைகளைக் கற்றுக்கொள்ளுங்கள், இந்தப் பயிற்சியில் சேருங்கள், அந்தச் சான்றிதழைப் பெறுங்கள்" என்று அது சொல்கிறது. ஊரார் கண்ணுக்கு அவர் ஓய்வெடுப்பதே குற்றம். மேலிடத்தின் கண்ணுக்கு அவர் கற்றது போதாது. இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில் அகப்பட்டு, சரியாக ஓய்வெடுக்காமலும் சரியாகப் படிக்காமலும் கோடையைக் கழித்துவிட்டு, ஜூன் மாதத்தில் பழைய களைப்புடனேயே வகுப்புக்குள் நுழைகிறவர்கள் எத்தனை பேர்!

ஓய்வும் அபிவிருத்தியும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பது நமது கட்சி. ஆனால் அவற்றுக்கு ஒரு முறை உண்டு. ஓய்வு முதலில் வரவேண்டும். கல்வி அதன் பின்னால் வரவேண்டும். அந்தக் கல்வியும் ஒரே ஒரு விஷயத்தைப் பற்றியதாக இருக்கவேண்டும்.

விடுமுறை எங்கே போகிறது?

முதலில் கணக்குப் பார்ப்போம். தமிழ் நாட்டில் கோடை விடுமுறை பெரும்பாலும் ஏப்ரல் கடைசியில் ஆரம்பித்து ஜூன் தொடக்கத்தில் முடிகிறது. கத்திரி வெயில் மிஞ்சிப்போனால் சில நாட்கள் கூடும். 2024-ஆம் வருஷத்தில் ஜூன் 10-ந் தேதிதான் பள்ளிகள் திறந்தன. ஆக, ஐந்து அல்லது ஆறு வாரம்.

கோடை தொடங்கும்போதே பொதுப் பரீட்சை விடைத்தாள்கள் கட்டுக் கட்டாக வந்து சேருகின்றன. தேர்தல் வந்தாலோ கேட்கவேண்டியதில்லை. 2019, 2021, 2024 ஆகிய மூன்று வருஷங்களிலும் தமிழ் நாட்டில் பொதுத் தேர்தல் வாக்குப் பதிவு ஏப்ரல் மாதத்திலேயே நடந்தது. வாக்குச் சாவடியில் பொழுது விடியுமுன் போய் உட்கார்ந்து, இரவு பெட்டியை ஒப்படைத்துவிட்டு வீடு திரும்பியவர்களில் உபாத்தியாயர்கள் அநேகர். வாக்கு எண்ணிக்கையும் முறையே மே 23, மே 2, ஜூன் 4 என்று கோடைக்குள்ளேயே வந்து விழுந்தது. 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம், உபாத்தியாயர்களைக் கல்விக்குப் புறம்பான வேலைகளுக்கு அனுப்பலாகாது என்று விதிக்கிறது. ஆனால் பத்தாண்டுக்கொருமுறை எடுக்கும் ஜனத்தொகைக் கணக்கு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றுக்கும் அந்தச் சட்டமே விலக்கு அளிக்கிறது. இவை தேசத் தொண்டுதான். குறை கூற நாம் முன்வரவில்லை. தொண்டு செய்த நாளை ஓய்வெடுத்த நாளாகக் கணக்கில் எழுதுவது நியாயமா என்றுதான் கேட்கிறோம்.

அதே சட்டத்தின் அட்டவணையில் மற்றொரு விஷயம் இருக்கிறது. உபாத்தியாயரின் வேலை நேரம் வாரத்துக்கு 45 மணி என்றும், பாடத்துக்குத் தயார் செய்யும் நேரமும் அதில் சேர்த்தி என்றும் சொல்லியிருக்கிறது. மணி அடித்துப் பாடம் நடத்தும் நேரம் மட்டுமே வேலையல்ல என்று சட்டம் ஒப்புக்கொண்டுவிட்டது. ஊரார்தான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை!

தனியார் பள்ளிகளின் கதை வேறு. கோடை வந்தால் வீடு வீடாகப் போய்ப் புதுப் பிள்ளைகளைச் சேர்த்து வரவேண்டுமென்று சிலவற்றில் உத்தரவு; வேறு சிலவற்றில் மே மாதச் சம்பளமே கிடையாது. சர்க்கார் பள்ளிகளில் 2012-ஆம் வருஷம் நியமனம் பெற்ற பகுதி நேர ஆசிரியர்களும் பல வருஷ காலம் மே மாதத்தைச் சம்பளமில்லாமலே கழித்தார்கள். அடுப்பில் பூனை தூங்கும் வீட்டில் உபாத்தியாயர் எப்படித் தூங்குவார்? ஓய்வைப் பற்றிப் பேசுமுன் அந்த ஓய்வுக்குச் சோறு போடவேண்டும்.

களைப்பின் தன்மை

மூட்டை தூக்குகிறவனின் களைப்பு தோளில் இருக்கிறது. ஓர் இரவு தூங்கினால் பாதி தீரும். உபாத்தியாயரின் களைப்போ பல இடங்களில் ஒளிந்திருக்கிறது. நாற்பது பிள்ளைகளுக்கும் கேட்கும்படி நாள் முழுவதும் பேசிய தொண்டையில் இருக்கிறது. நின்றே பழகிய காலில் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, 'இவனை அதட்டுவதா, தட்டிக்கொடுப்பதா? இந்தப் பெண் ஏன் இன்று பேசவில்லை?' என்று நிமிஷத்துக்கு நிமிஷம் தீர்ப்புச் சொல்லிச் சொல்லி ஓய்ந்த மனத்தில் இருக்கிறது. இந்தக் களைப்பு ஒரு நாள் தூக்கத்தில் போகாது.

ஜெர்மனி தேசத்தில் 131 உபாத்தியாயர்களை விடுமுறைக்கு முன்னும் பின்னும் விசாரித்து ஓர் ஆராய்ச்சி செய்தார்கள். அதன் முடிவு 2011-இல் வெளிவந்தது. விடுமுறை முடிந்து திரும்பியபோது அவர்களுடைய சோர்வு குறைந்திருந்தது. வேலையில் ஊக்கம் கூடியிருந்தது. இது நாம் எதிர்பார்த்ததே. ஆனால் அந்தப் புத்துணர்ச்சி ஒரு மாதத்துக்குள் கரைந்துபோயிற்றாம்! வந்ததும் வராததுமாக வேலையைத் தலையில் ஏற்றிக்கொண்டவர்களுக்கு இன்னும் சீக்கிரமாகக் கரைந்தது. பள்ளி நாட்களிலும் மாலை வேளையில் மனத்தை ஆறவிட்டவர்களுக்குச் சற்று அதிக நாள் நிலைத்தது.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? ஓய்வு என்பது குதிரில் கொட்டி வைத்து வருஷம் முழுவதும் அள்ளிச் சாப்பிடும் நெல்லல்ல. அது கிணற்று நீர், நாள்தோறும் ஊறவேண்டும். கோடையில் கிணற்றைத் தூர் வாரலாம். ஆனால் ஜூன் மாதத்திலும் ஊற்றுக்கண் அடைபடாமல் பார்த்துக்கொள்ளவேண்டும்.

ஒரு கேள்வியும் ஓர் ஏட்டுச் சுவடியும்

அப்படியானால் விடுமுறையில் புத்தகத்தையே தொடக்கூடாதா? அவ்வாறு நாம் சொல்லவில்லை. தமிழ் நாட்டில் விடுமுறையின் பயனை உள்ளபடி அறிந்திருந்த ஓர் உபாத்தியாயரை இங்கே நினைத்துப் பார்ப்போம்.

1880-ஆம் வருஷம் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக வந்து அமர்ந்தார் உ. வே. சாமிநாதையர். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் வருஷக்கணக்கில் பாடம் கேட்டவர். அந்த வருஷத்திலேயே, அவ்வூரில் முன்சீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியார், நீங்கள் என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று அவரை விசாரித்தார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று ஐயர் அடுக்கினார். முதலியாருக்குத் திருப்தி உண்டாகவில்லை. சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார். இல்லை என்பதைத் தவிர ஐயரிடம் வேறு பதில் இல்லை.

அந்த ஒரு கேள்விதான் விதை. கல்லூரி நாட்களில் பாடம் சொல்லிவிட்டு, விடுமுறை வந்ததும் ஏடு தேடி ஊர் ஊராகப் புறப்பட்டார். திருநெல்வேலிச் சீமைவரை அவருடைய தேடல் நீண்டது. 1887-இல் சிந்தாமணி அச்சாயிற்று; பத்துப்பாட்டு 1889-இலும், சிலப்பதிகாரம் 1892-இலும், புறநானூறு 1894-இலும், மணிமேகலை 1898-இலும் வெளிவந்தன. இத்தனை காலமும் அவர் கும்பகோணத்தில் வகுப்பு நடத்திக்கொண்டிருந்த உபாத்தியாயர்தான் என்பதை மறக்கலாகாது.

உபாத்தியாயர் ஒவ்வொருவரும் ஐயரைப் போல் ஆகவேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. அவருடைய கதையில் மூன்று விஷயங்கள் நமக்குப் பிரயோஜனமானவை. முதலாவது, படி என்று சுற்றறிக்கை அனுப்பி யாரும் அவருக்கு உத்தரவிடவில்லை. தமக்குத் தெரியாதது இது என்று அவரே உணர்ந்தார். இரண்டாவது, பத்து நூல்களை ஒருங்கே எடுத்துக் கொண்டு திண்டாடாமல், முதலில் ஒன்றைப் பற்றினார். மூன்றாவது, அவர் தனியே உழைக்கவில்லை. ஏடு கொடுத்தவர்கள், சந்தேகம் தெளிவித்தவர்கள், பிரதியை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் என்று ஒரு கூட்டமே அவருக்குத் துணையாக நின்றது.

பயிற்சி என்னும் பண்டம்

2020-ஆம் வருஷத்துத் தேசியக் கல்விக் கொள்கை, உபாத்தியாயர் ஒவ்வொருவரும் வருஷத்துக்கு 50 மணி நேரமாவது தொழில் வளர்ச்சிப் பயிற்சியில் கலந்துகொள்ளவேண்டும் என்று எதிர்பார்க்கிறது. நல்ல யோசனைதான். ஆனால் மணிக்கணக்கு வேறு, மனக்கணக்கு வேறு. மண்டபத்தில் நூறு பேரை உட்காரவைத்து, திரையில் எழுத்துக்களை ஓடவிட்டு, சாயங்காலம் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பினால், பயிற்சி நடந்ததாகப் பதிவேடு சொல்லும், வகுப்பறை சொல்லாது.

உபாத்தியாயர் உண்மையில் கற்றுக்கொள்வது மற்றோர் உபாத்தியாயர் பாடம் நடத்துவதைப் பார்த்துத்தான். ஜப்பானியர்களிடம் நூறு வருஷத்துக்கு மேலாக ஒரு வழக்கம் இருந்துவருகிறது. ஒருவர் பாடம் நடத்த, மற்ற உபாத்தியாயர்கள் பின்னால் நின்று பார்க்கிறார்கள். பிறகு எல்லோரும் கூடிப் பேசி, அந்தப் பாடத்தைத் திருத்தி அமைக்கிறார்கள். நமக்கும் இதில் அனுபவம் உண்டு. 2003-ஆம் வருஷத்தையொட்டிச் சென்னை மாநகராட்சிப் பள்ளி ஆசிரியர்கள் ஆந்திர தேசத்து ரிஷிவேலிக்குச் சென்றார்கள். அங்கே கிராமத்துப் பிள்ளைகள் அட்டைகளை எடுத்து வைத்துக்கொண்டு அவரவர் வேகத்தில் தாமே கற்பதை நேரில் கண்டார்கள். திரும்பி வந்து தமிழில் அட்டைகளை ஆக்கினார்கள். செயல்வழிக் கற்றல் என்ற அந்த முறை சில வருஷங்களில் மாகாணத்துச் சர்க்கார் ஆரம்பப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் பரவிற்று. அதன் குணதோஷங்களைப் பற்றிப் பிற்பாடு விவாதம் எழுந்தது உண்மைதான். ஆயினும் கண்ணால் கண்டு கையால் செய்து கற்றது எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு அது அத்தாட்சி.

ஐந்து வாரத்துக்கு ஒரு திட்டம்

அன்புள்ள ஆசிரிய நேயர்களுக்கு நமது யோசனை இதுதான். முதல் மூன்று வாரம் பள்ளிக்கூடத்தை மறந்துவிடுங்கள். பள்ளியின் வாட்ஸ்அப் குழுவை வாய்மூட வையுங்கள்; அவசர விஷயமானால் தலைமை ஆசிரியர் கூப்பிட்டுச் சொல்வார். வேண்டிய மட்டும் தூங்குங்கள். சொந்த ஊருக்குப் போங்கள். பாடத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு நாவலைப் படியுங்கள். தொண்டைக்கும் மௌனம் கொடுங்கள்.

நான்காவது வாரத்தில், சென்ற வருஷம் உங்களைத் தோற்கடித்த ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கு வகுப்பில் பாதிப் பேருக்கு ஏன் பிடிபடவில்லை? நன்றாகப் பேசுகிற பையன் இரண்டு வரி எழுதச் சொன்னால் ஏன் திணறுகிறான்? வெயில் ஏறுமுன் தினம் ஒரு மணி நேரம் இதற்குப் போதும். இதே கேள்வியைச் சந்தித்த வேறொரு ஆசிரியரைத் தேடிப்பிடித்து, ஒரு மாலை வேளை காப்பி சாப்பிட்டுக்கொண்டே பேசுங்கள். கண்டதைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதுங்கள். கடைசி வாரத்தில் முதல் பதினைந்து நாள் பாடத்துக்கு மட்டும் தயார் செய்யுங்கள். வருஷம் முழுவதற்கும் அல்ல. பள்ளி திறந்த பிறகும் வாரத்தில் ஒரு மாலையாவது நோட்டுத் திருத்துவதில்லை என்று விரதம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அதிகாரிகளுக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. பயிற்சித் தேதிகளைப் பள்ளி மூடுமுன்பே அறிவித்துவிடுங்கள். எந்த நிமிஷம் கூப்பிடுவார்களோ என்று காத்திருப்பவனுக்கு வீட்டில் இருந்தாலும் ஓய்வு கிடையாது.

வீட்டிலிருக்கும் ஆசிரியை

இனி, நமது குடும்ப நேயர்களிடம் ஒரு வார்த்தை. ஆசிரியர் விடுமுறையில் திண்ணைக் காற்று வாங்குகிறார். ஆசிரியை என்ன செய்கிறாள்? "உனக்கு லீவுதானே அம்மா, வடாம் பிழிந்துவிடலாமே!" என்கிறார் மாமியார். "நீதான் வீட்டில் இருக்கிறாயே, அக்கா குழந்தைகள் பத்து நாள் வந்து இருக்கட்டும்" என்கிறார் கணவர். மாவடு, ஊறுகாய், விருந்தினர், சொந்தக் குழந்தைகளின் ஓயாத பசி! ஆக, அந்த அம்மாளுக்கு வேலை செய்யும் இடம் மாறியதே தவிர வேலை நிற்கவில்லை. அவளுடைய விடுமுறையை எடுத்துக்கொள்வது பள்ளிக்கூடமும் அல்ல, சர்க்காரும் அல்ல, நாம்தான். காலைக் காப்பியை வேறொருவர் கலந்து, மத்தியானம் இரண்டு மணி நேரம் அவள் அறைக் கதவைத் தட்டாமல் இருந்தால், அதுவே நாம் கல்விக்குச் செய்யும் கைங்கரியம்.

சித்திரைப் புழுதி

அறுவடையான வயலை நம் குடியானவர்கள் சித்திரையில் என்ன செய்கிறார்கள்? பயிர் வைப்பதில்லை. கோடை மழை ஒன்று பெய்ததும் ஒரு சால் உழுது போட்டுவிட்டு, வெயிலில் காயவிடுகிறார்கள். புரண்ட மண்ணில் களையும் பூச்சியும் மடிகின்றன. அடுத்த மழை மண்ணுக்குள் இறங்குகிறது. "சித்திரை மாதத்துப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம்" என்று பழமொழியும் சொல்லி வைத்தார்கள். அந்த வயலைப் பார்த்து, சும்மா கிடக்கிறதே என்று எந்தக் குடியானவனும் திட்டுவதில்லை. கோடையிலும் ஒரு போகம் விளைந்தாகவேண்டும் என்று கட்டாயப்படுத்துவதுமில்லை.

உபாத்தியாயரின் கோடையும் அத்தகையதே. நெடுநாள் ஓய்வு, ஒரே ஒரு உழவு. ஜூன் மாதத்து முதல் நாள் காலையில், நம் குழந்தையின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, எரிச்சல் இல்லாத குரலில் அதை முதல் தடவையாகக் கூப்பிடப் போகிறவர் அவர். அடுத்த முறை தெருவில் அவரைச் சந்திக்கும்போது, "சும்மா சம்பளமா?" என்று கேட்காமல், "நன்றாக ஓய்வெடுத்தீர்களா, சார்?" என்று கேட்போம்.