மறைத்து ஏந்தும் கைத்துப்பாக்கி

மறைத்து ஏந்துதல் என்பது தற்காப்புக்கான கைத்துப்பாக்கியைப் பிறர் கண்ணில் படாதவாறு உடலிலோ கைப்பையிலோ வைத்துக்கொண்டு பொது இடங்களுக்குச் செல்வதைக் குறிக்கும். ஐக்கிய அமெரிக்காவில் இவ்வழக்கம் பரவலாக உள்ளது. துப்பாக்கி நாள் முழுவதும் உடலை உறுத்தக் கூடாது. உடைக்கு வெளியே தெரியக் கூடாது. தவறுதலாக வெடிக்கவும் கூடாது. இம்மூன்றையும் ஒருசேர நிறைவு செய்வதே இதிலுள்ள அடிப்படைச் சிக்கல் ஆகும்.

சட்டப் பின்னணி

1813 ஆம் ஆண்டில் கென்டக்கி, லூசியானா ஆகிய மாநிலங்கள் ஆயுதங்களை மறைத்து ஏந்துவதற்கு எதிராகச் சட்டம் இயற்றின. ஆயுதத்தை மறைப்பவர் தீய நோக்கம் கொண்டவர் என்ற எண்ணம் அக்காலத்தில் நிலவியது. 1911 இல் நியூயார்க் மாநிலத்தின் சல்லிவன் சட்டம் கைத்துப்பாக்கிக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கியது. 1987 இல் புளோரிடா, தகுதியுடைய விண்ணப்பதாரருக்கு உரிமம் மறுக்கப்படக் கூடாது எனச் சட்டம் செய்தது. பல மாநிலங்கள் அதனைப் பின்பற்றின. சிறப்புத் தேவையை மெய்ப்பித்தால் மட்டுமே உரிமம் என்ற நியூயார்க்கின் விதியை 2022 இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. இன்று பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் உரிமம் இல்லாமலே மறைத்து ஏந்தலாம்.

துப்பாக்கியும் உடையும்

மறைப்பதற்குக் கடினமான பகுதி குழல் அன்று, கைப்பிடியே ஆகும். குழல் கால்சட்டைக்குள் அடங்கிவிடும். கைப்பிடியோ இடுப்புக்கு மேலே நிற்பதால், குனியும்போது சட்டையில் அதன் வடிவம் புடைத்துத் தெரியும். இதனைத் துப்பாக்கி வைத்திருப்போர் 'பிரின்டிங்' என்பர். குட்டையான கைப்பிடி கொண்ட சிறிய துப்பாக்கிகள் விரும்பப்படுவதற்கு இதுவே காரணம். 2018 இல் வெளிவந்த சிக் சாவர் பி365 குண்டுகள் இல்லாதபோது சுமார் அரை கிலோ எடை கொண்டது. எனினும் துப்பாக்கி சிறிதாகவும் இலேசாகவும் ஆக, சுடும்போது பின்னுதைப்பு மிகும். குறி தவறும் வாய்ப்பும் கூடும்.

தளர்வான, அடர்நிற அல்லது கோலமிட்ட சட்டை துப்பாக்கியின் வடிவத்தை மறைக்க உதவும். கால்சட்டைக்குள் உறை வைப்போர் இடுப்பளவு சற்றுப் பெரிய கால்சட்டையை அணிவர். மெல்லிய இடைவார் எடை தாங்காமல் தொய்வதால், விறைப்பான இடைவார் தேவைப்படுகிறது.

உறையும் இடமும்

கால்சட்டைக்குள் இடுப்பெலும்புக்குச் சற்றுப் பின்னால் வைப்பது பரவலான முறை. இது நடக்க வசதியானது. நாற்காலியில் சாயும்போது உறுத்தும். வயிற்றுப் பக்கம் வைத்தால் விரைவாக எடுக்கலாம். ஆனால் உட்காரும்போது குழலின் வாய் தொடையையும் அதன் பெரிய இரத்தக் குழாயையும் நோக்கியிருக்கும். தோளுறைக்கு மேலங்கி வேண்டும். கணுக்காலில் வைப்பது மறைவானது. குனிந்து எடுக்க நேரமாகும். சட்டைப்பையிலோ கால்சட்டைப் பையிலோ வைத்தாலும் உறை வேண்டும். அதே பையில் சாவி, நாணயம் போன்றவை இருக்கக் கூடாது.

தோல் உறை உடலுக்கு இதமானது. ஆனால் பழையதாகித் தளர்ந்தால் அதன் மடிப்பு விசையில் சிக்கக்கூடும். கைடெக்ஸ் என்னும் நெகிழி உறை விறைப்பாக இருந்து வடிவம் மாறாது. எவ்வகையாயினும் உறை விசையை முழுமையாக மூடியிருத்தல் இன்றியமையாதது.

விபத்துகள்

2008 நவம்பரில் அமெரிக்கக் கால்பந்து வீரர் பிளாக்சிகோ பரஸ், நியூயார்க் நகர இரவு விடுதி ஒன்றில் உறையின்றி இடுப்பில் செருகியிருந்த துப்பாக்கி நழுவி வெடித்ததில் தொடையில் காயமடைந்தார். அவரிடம் நியூயார்க் உரிமம் இல்லை. 2009 இல் அவருக்கு 2 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

2014 டிசம்பரில் ஐடகோ மாநிலத்துக் கடை ஒன்றில், தாயின் கைப்பையிலிருந்த துப்பாக்கியை 2 வயதுக் குழந்தை எடுக்க, அது வெடித்துத் தாய் உயிரிழந்தார். கைப்பை உடலை உறுத்தாது. ஆனால் அது உரியவரின் கையை விட்டு விலகும் நேரங்கள் பல.

கட்டுப்பாடுகள்

ஒரு மாநிலத்தின் உரிமம் மற்றொன்றில் தானாகச் செல்லாது. கூட்டாட்சி அரசுக் கட்டடங்களிலும், விமான நிலையப் பாதுகாப்புச் சோதனைக்கு அப்பாலும் உரிமம் உள்ளவரும் துப்பாக்கி ஏந்தக் கூடாது. இல்லினாய் போன்ற மாநிலங்களில் கைத்துப்பாக்கியை வெளியே தெரிய ஏந்துவது தடைசெய்யப்பட்டுள்ளதால், அங்கு மறைத்தல் சட்டக் கடமையும் ஆகிறது.