சுதந்திர தினத்தில் பிறந்த கலாசாலை

1947-ஆம் வருஷம் ஆகஸ்டு 15-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை. தேசமெங்கும் மூவர்ணக்கொடி ஏறிய அந்நாளிலேயே சென்னையில், சாந்தோம் பகுதியின் ஒரு சிறு ஒற்றைமாடிக் கட்டடத்தில், 32 மாணவிகளுடன் ஒரு பெண்கள் கலாசாலை தொடங்கப்பெற்றது. அதன் பெயர் ஸ்டெல்லா மாரிஸ். கடலின் விண்மீன் என்பது அந்த லத்தீன் மொழிப் பெயரின் பொருள். தேவமாதாவைக் கத்தோலிக்கர் அப்பெயரால் போற்றுவர். ஆகஸ்டு 15 அவர்களுக்கு மாதாவின் மோட்சாரோபணத் திருநாளுமாகும். சமயத் திருநாளும் தேசத் திருநாளும் ஒன்றாய்க் கூடிய அத்தினத்தில் கலாசாலையை ஏற்று நடத்த முன்வந்தவர்கள் மரியாயின் பிரான்சிஸ்கன் மிஷனரி சபையின் கன்னியாஸ்திரீகள்.

அந்நிய ஆட்சி அகன்ற அன்றே அந்நியப் பெயர் தாங்கிய ஒரு ஸ்தாபனம் தோன்றுவதா என்று கேட்கும் தேசபக்தர் உண்டு. அக்கேள்வியை நாம் அலட்சியம் செய்யவில்லை. ஆயினும் அச்சபையின் வரலாற்றை அறியாமல் அதற்கு விடை கூறுதல் நியாயமாகாது.

பிரான்சு தேசத்து நாந்த் நகரில் 1839-இல் பிறந்த எலேன் தெ ஷப்போத்தேன் என்ற அம்மையார், துறவு பூண்டு மரிய பாஷன் என்னும் பெயருடன் 1865-இல் மதுரை மிஷனுக்கு வந்தார். தாம் சேர்ந்திருந்த சபையில் எழுந்த பிணக்கின் காரணமாக 1876-இல் அவரும் உடனிருந்தோருமாக இருபது சகோதரிகள் அதனின்று பிரிந்து உதகமண்டலத்தில் தங்கினர். அம்மையார் ரோமாபுரி சென்று முறையிட்டார். 1877 ஜனவரி 6-ஆம் தேதி ஒன்பதாம் பத்திநாதர் என்னும் பாப்பரசர் புதிய சபைக்கு அநுமதி அளித்தார். பின்னர் பல கண்டங்களிலும் பரவிய அச்சபைக்கு வித்து ஊன்றப்பட்டது நமது நீலகிரியிலேயாம். நிறுவியவர் அயல்நாட்டார், விளைந்த மண்ணோ நம்முடையது.

இனி, நாட்டின் அன்றைய நிலையை நோக்குவோம். சென்னையின் முதற் பெண்கள் கலாசாலையான இராணி மேரி கலாசாலை தோன்றியது 1914-இல். அடுத்த ஆண்டில் பெண்கள் கிறிஸ்தவக் கலாசாலை வந்தது. திருச்சிராப்பள்ளியில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஹோலி கிராஸ் கலாசாலை 1923-இல் எழுந்தது. இவ்வளவு இருந்தும், சுதந்திரத்துக்குப் பின் எடுக்கப்பட்ட 1951-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி இந்தியப் பெண்களில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 8.86 பேரே. வாக்குரிமை சகலருக்கும் வந்தது. வாசிக்கும் உரிமையோ பெரும்பாலோரை எட்டவில்லை. பெண்களுக்கென ஒரு கலாசாலை கூடுதலாகத் திறக்கப்பட்டால் அது எவர் கையால் திறக்கப்பட்டது என்று ஆராய்வதற்கு முன்னே, நாம் ஏன் திறக்கவில்லை என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ளக் கடமைப்பட்டவர்களாயிருந்தோம்.

முப்பத்திருவருடன் தொடங்கிய கலாசாலை விரைவில் இடம் போதாமல் வளர்ந்தது. கதீட்ரல் சாலையில் கிளாய்ஸ்டர்ஸ் என வழங்கிய பழைய தோட்டத்துக்கு 1960-இல் குடிபெயர்ந்தது. இலக்கியமும் விஞ்ஞானமும் மாத்திரமன்றிச் சித்திரக் கலையும் சமூக சேவையும் அங்கே பாடங்களாயின. அங்குக் கலைத்துறையை வளர்த்த எடித் தொமோரி என்னும் துறவி, இந்திய நாட்டுக் கலை வரலாற்றையும் மேல்நாட்டுக் கலை வரலாற்றையும் ஒரே நூலில் எழுதினார். துறவு மடத்திலிருந்து வந்தவர் நம் கோயிற் சிற்பங்களை மாணவிகளுக்கு விளக்கினார் என்றால் அதைப் பகைமை என்று எவர் சொல்வார்? 1987-இல் கலாசாலைக்குத் தன்னாட்சி கிடைத்தது.

இத்தகைய ஸ்தாபனங்கள் நிலைத்து நிற்பது தயவினால் அன்று, உரிமையினால். 1949-இல் அரசியல் நிர்ணய சபை, சமயச் சிறுபான்மையினருக்குச் சட்டசபைகளில் ஸ்தானங்களை ஒதுக்கும் ஏற்பாட்டைக் கைவிட்டது. கிறிஸ்தவராகிய ஹரேந்திர குமார் முகர்ஜி அம்முடிவை மனமுவந்து ஆதரித்தார். ஸ்தானங்களை விட்டுக்கொடுத்தவர்களுக்குத் தங்கள் கல்விச்சாலைகளை நிறுவி நடத்தும் உரிமையை அரசியல் சட்டத்தின் 30-ஆவது பிரிவு உறுதி செய்தது. 1958-இல் கேரளக் கல்வி மசோதா பற்றி அபிப்பிராயம் கூறிய உச்சநீதிமன்றம், நடத்தும் உரிமையில் சீர்கேடாய் நடத்தும் உரிமை அடங்காது என்று தெளிவாக்கியது. 1974-இல் அகமதாபாத் புனித சவேரியார் கலாசாலை வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கூடி, மேற்பார்வை என்ற பெயரால் நிர்வாகத்தையே பறித்தல் ஆகாது என்றனர். இவ்விரு தீர்ப்புகளையும் சேர்த்தே படிக்கவேண்டும் என்பது நமது துணிபு. சர்க்கார் முதலாவதை மட்டும் படிப்பதும், நிர்வாகிகள் இரண்டாவதை மட்டும் படிப்பதும் நன்றன்று.

உரிமை உள்ள இடத்தில் கடமையும் உண்டு. பெண்கள் கலாசாலைகள் நகரத்துச் செல்வர் வீட்டுப் பெண்களுக்கே உரியவை என்னும் குறை நெடுநாளாய்ப் பேசப்படுகிறது. அதை வார்த்தையால் மறுப்பதிற் பயனில்லை; சேர்க்கைப் பட்டியலால் மறுக்கவேண்டும். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்வி கற்க வரும் கிராமத்துப் பெண், ஆங்கிலம் நாவில் தடுக்கிற காரணத்தால் வகுப்பின் கடைசி வரிசையில் கூசி அமர்வாளாயின், அக்கலாசாலை எவ்வளவு புகழ் பெற்றும் என்ன? அவளுக்குத் தமிழில் விளக்கவும் ஆங்கிலத்தில் நிமிர்த்தவும் வல்ல ஆசிரியைகளே ஒரு கலாசாலையின் மெய்யான செல்வம்.

தோற்றத்தைக் கொண்டு ஒரு ஸ்தாபனத்தை அந்நியம் என்றோ சுதேசியம் என்றோ தீர்மானிப்பது எளிது. யாருக்குக் கதவு திறக்கிறது என்பதைக் கொண்டு தீர்மானிப்பதே நேர்மை. சுதந்திர தினத்தில் 32 பெண்களுக்குத் திறந்த கதவு, அந்தக் கடைசி வரிசைப் பெண்ணுக்கும் அகலத் திறந்திருக்கும்வரை அது தேசத்தின் கதவேயாம்.