வேலியுந் தொழிலும்: யப்பானிய இயந்திரக் கருவிகள் கடல் கடந்த வரலாறு

கடைசற்பொறி, துளையிடுபொறி, உலோகத்தைச் சீவும் பொறி முதலியன பிற பொறிகளின் உறுப்புக்களை ஆக்கித் தருவன. ஆதலின் இவற்றைத் தாய்ப்பொறிகள் எனல் பொருந்தும். இவற்றுக்கு அயல்நாட்டையே நம்பியிருக்கும் நாடு, போர்க்காலத்திற் படைக்கலஞ் செய்தற்கும் பிறர் கையை எதிர்பார்க்க நேரும். இவ்வச்சமே ஈண்டு ஆராயப்படும் வணிகத் தடைக்கு வித்தாயிற்று.

எண்களாலான கட்டளைகளுக்கு அமைந்து தானே இயங்கும் பொறி, 1952 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மசச்சூசெற்சுத் தொழினுட்பக் கழகத்திலே முதன்முதல் இயக்கிக் காட்டப்பட்டது. அதனைச் சிறு தொழிற்சாலையும் வாங்கத்தக்க விலையிற் செய்து பரப்பியவர் யப்பானியரே. 1982 இல் இயந்திரக் கருவி உற்பத்தியில் யப்பான் உலகில் முதலிடம் எய்தியது.

அமெரிக்க உற்பத்தியாளர் 1983 இல், நாட்டின் பாதுகாப்பைக் காரணங் காட்டி அரசினரிடம் முறையிட்டனர். 1986 இல் சனாதிபதி றேகன் ஏற்றுமதி நாடுகளுடன் உடன்பாடு நாடினார். அதன்வழி, 1987 முதல் யப்பானும் தாய்வானும் தம் ஏற்றுமதியை வரையறுத்துக்கொண்டன. தன்விருப்பக் கட்டுப்பாடு என்பது அதன் பெயர். எனினும் அமெரிக்காவின் வற்புறுத்தலே அதனைப் பிறப்பித்தது. ஐந்தாண்டுக்கென எழுந்த அவ்வுடன்பாடு 1993 வரை நீட்டப்பட்டது.

இத்தடை, கடல் கடந்து வரும் பொறியைத் தடுத்ததேயன்றி, உள்நாட்டிற் செய்யப்படும் பொறியைத் தடுக்கவில்லை. ஒக்கூமா நிறுவனம் 1987 இல் வட கரோலினாவின் சார்ளற் நகரில் உற்பத்தி தொடங்கியது. யமசாக்கி மசாக் நிறுவனமோ 1974 இலேயே கென்றக்கி மாநிலத்தின் பிளோறன்சு நகரில் ஆலை அமைத்திருந்தது. ஐரோப்பியச் சந்தையை நோக்கி 1987 இல் இங்கிலாந்தின் வூசுற்றர் நகரிலும் ஓர் ஆலை திறந்தது. ஆகவே தடை ஒன்றே காரணம் எனல் பொருந்தாது. வாங்குவோர்க்கு அண்மையில் இருத்தலின் நலமும், 1985 இன் பின் யென் நாணயத்தின் மதிப்பு உயர்ந்தமையும் உடன்நின்ற காரணங்களாம். முன்னரே தோன்றிய போக்கைத் தடை விரைவுபடுத்தியது என்பதே நேரிய முடிபு.

இதன் பயன் யாது? வேலிக்கு அப்பால் நின்ற போட்டியாளர் வேலிக்குள்ளேயே குடிபுகுந்தனர். அமெரிக்கத் தொழிலாளர் பலர்க்கு அவ்வாலைகளில் வேலை கிடைத்தது. அமெரிக்க முதலாளிகளுக்கோ போட்டி நீங்கவில்லை. வேலி காலத்தைச் சிறிது ஈட்டித்தரும். அக்காலத்தில் தொழிற்றிறனை வளர்த்துக்கொள்ளாதார்க்கு அது காவலாகாது.